எதிரி வீட்டுப் பெண்: ஸ்காட்லாந்து காதல் நாவல்களும் மைசூருவின் 1399 கல்யாணமும்

கிண்டிலில் 'ஹைலேண்டர்' என்று தேடிப் பாருங்கள். மூடுபனி, மலைமேல் ஒரு கோட்டை, கட்டம் போட்ட துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒரு ஆள். இப்படிப்பட்ட அட்டைகள் வரிசையாக வந்து நிற்கும். உள்ளே கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு குலங்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகப் பகை. ஒரு குலத்துப் பெண்ணை இன்னொரு குலத்தின் தலைவன் தூக்கிக்கொண்டு போவான். இல்லையென்றால் சமாதானத்துக்காக இருவருக்கும் கட்டாயக் கல்யாணம் நடக்கும். முதல் பாதி முழுக்க முறைப்பு, அப்புறம் காதல், கடைசியில் இரண்டு குலமும் ஒரே பந்தியில் உட்காரும்.

டயானா கபால்டன் 1991-ல் எழுதி, 2014 முதல் டிவி தொடராகவும் வந்த 'அவுட்லேண்டர்' இந்த உலகத்தை நம் ஊர் ஃபோன்களுக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, 'எவ்வளவு தூரத்துக் கதை, ஆனா எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கே' என்று நீங்கள் நினைத்திருந்தால், அது சரிதான். மைசூரு அரச வம்சம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கதையே கிட்டத்தட்ட இதுதான். அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவர்களில் பலருக்கு அந்தக் கல்யாணக் கதை தெரிந்திருக்காது. தெரிந்தவர்களும் அதில் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்: அந்தப் பெண் என்ன சொன்னாள்?

முதலில், 'கிளான்' என்றால் என்ன?

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பிள்ளைகள்' என்று பொருள். ஒரு தலைவன், அவனுடைய நிலம், அவன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் மக்கள். எல்லோரும் ரத்த உறவு என்பது பேச்சுக்குத்தான். பாதுகாப்புக்காக வந்து சேர்ந்து, தலைவனின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் ஏராளம். நம் பக்கம் பாளையக்காரர்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். அவர்களுடைய வீரத்தின் அன்றாட அளவுகோல் பக்கத்துக் குலத்தின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவது. பள்ளியில் வெட்சித் திணை படித்திருப்பீர்களே, அதேதான். மாட்டை மீட்கப் போனால் கரந்தை.

1746-ல் கலோடன் போரில் ஹைலேண்டு கிளர்ச்சிப் படை தோற்ற பிறகு இந்த அமைப்பு உடைந்தது. அவர்களுடைய உடைக்கே சட்டம் போட்டுத் தடை. அது 1782-ல்தான் விலகியது. இன்று அட்டைப்படங்களில் நீங்கள் பார்க்கும் 'ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம்' என்ற ஒழுங்கு பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். கட்டத்துணி மோகம் அப்போதுதான் பெரிதாகக் கிளம்பியது. அதாவது, குலங்கள் அதிகாரம் இழந்த பிறகுதான் அவை காதல் கதைக்கு வசதியாகிப் போயின.

குலங்கள் அதிகாரத்தில் இருந்த காலத்தில் கல்யாணம் எப்படி நடந்தது? 1697-ல் சைமன் ஃப்ரேசர் என்பவர் லோவட் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். எதிரில் நின்றது செல்வாக்கு மிகுந்த மர்ரே குடும்பம். பட்டத்தின் வாரிசான சிறுமியைக் கட்டிக்கொள்ளும் திட்டம் பலிக்கவில்லை. உடனே அந்தச் சிறுமியின் விதவைத் தாயான அமீலியா மர்ரேவைச் சிறைபிடித்து, பாதிரியாரை வரவழைத்து, பலவந்தமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணின் அலறல் வெளியே கேட்காமல் இருக்க பேக்பைப் ஊதச் சொன்னார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அதே சைமன் ஃப்ரேசர்தான் 'அவுட்லேண்டர்' கதையில் நாயகன் ஜேமியின் தாத்தாவாக வருகிறார். கற்பனை நாயகனுக்கு நிஜமான தாத்தா. ஹைலேண்டர் நாவலில் 'கட்டாயக் கல்யாணம்' என்ற அத்தியாயம் வரும்போது அந்த பேக்பைப் சத்தத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சம்பவம், 1692 பிப்ரவரி, க்ளென்கோ பள்ளத்தாக்கு. மெக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் அரசுப் படையினர் ஏறக்குறைய இரண்டு வாரம் விருந்தாளிகளாகத் தங்கிச் சாப்பிட்டார்கள். தலைமை வகித்தவர் கேப்டன் ராபர்ட் கேம்பெல். கேம்பெல் குலத்துக்கும் மெக்டொனால்டு குலத்துக்கும் பழைய பகை. ஆனாலும் கேப்டனின் நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருத்தி மெக்டொனால்டு தலைவரின் மகனைத்தான் கட்டியிருந்தாள். பகைக் குலங்களுக்கு இடையே நிஜமாகவே நடந்த கல்யாணம். பிப்ரவரி 13 விடியற்காலையில் மேலிட உத்தரவுப்படி விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைக் கொன்றார்கள். 38 பேர் வரை கொல்லப்பட்டார்கள்; தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் செத்தார்கள். அந்தக் கல்யாணத்தால் எதையும் தடுக்க முடியவில்லை. ஸ்காட்லாந்து இதை இன்றுவரை மறக்காததற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல, சாப்பிட்ட வீட்டில் கை வைத்ததுதான்.

இந்த 'விருந்து' விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மைசூருவில் இது திரும்ப வரும்.

தமிழில் இதற்குப் பெயரே இருக்கிறது

பெண் கேட்டு வருகிறான் ஒரு அரசன். தகப்பன் தர மறுக்கிறான். ஊர்மேல் படை வருகிறது. புறப்பாடல் மரபு இதை ஒரு தனித் துறையாகவே வைத்து, மகட்பாற்காஞ்சி என்று பெயர் கொடுத்திருக்கிறது. புறநானூற்றில் 336-ஆம் பாட்டிலிருந்து வரிசையாக இந்தத் துறைப் பாட்டுகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கவலைதான்: இவளால் இந்த ஊர் என்ன ஆகப்போகிறதோ! பெண்ணின் அழகு வரும், தகப்பனின் பிடிவாதம் வரும், வாசலில் நிற்கும் யானைகள் வரும். பெண்ணின் விருப்பம் மட்டும் வராது.

பறம்பு மலைக் கதை எல்லோருக்கும் தெரியும். பாரியின் மகள்களை மூவேந்தரும் கேட்டார்கள், அவன் மறுத்தான், முற்றுகையிட்டுக் கொன்றார்கள் என்பது மரபு. அதன்பின் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய் மணந்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறார். இருவரும் மறுக்கிறார்கள். அந்த மகள்கள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரே ஒரு பாட்டு, 112. அதிலும் அவர்கள் பேசுவது தகப்பனையும் குன்றையும் இழந்ததைப் பற்றி. கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சரி, மைசூருவில் என்ன நடந்தது?

மரபுக் கதை இப்படிப் போகிறது. 1399. நஞ்சன்கூடு பக்கம் இருக்கும் ஹதினாரு என்ற ஊரையும் சுற்றுப்புறத்தையும் ஒரு சின்ன தலைவர் ஆண்டுவந்தார். அவர் இறந்துவிட்டார் என்கிறது ஒரு கூற்று. புத்தி பேதலித்து எங்கோ போய்விட்டார் என்கிறது இன்னொன்று. வீட்டில் மனைவியும் மகளும். இந்த நேரம் பார்த்து, பக்கத்துக் காருகஹள்ளியின் தலைவன் மாரநாயகன் பெண் கேட்டான். தராவிட்டால் பாளையமே போய்விடும் என்ற நிலைமை.

துவாரகையிலிருந்து வந்த யது குலத்துச் சகோதரர்கள் என்று சொல்லப்படும் இரண்டு பேர், விஜயனும் கிருஷ்ணனும், அப்போது மைசூரு வந்து தங்கியிருந்தார்கள். ஒரு ஜங்கமத் துறவி மூலமாக அவர்களுக்கு விஷயம் தெரிகிறது. இன்றைக்கும் அரண்மனைக் கோட்டைக்குள் இருக்கும் கோடி பைரவர் கோயிலோடு சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். சகோதரர்கள் மாரநாயகனைக் கொன்றார்கள், காருகஹள்ளியையும் பிடித்தார்கள், மூத்தவரான விஜயன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு யதுராயர் என்ற பெயரில் ஆளத் தொடங்கினார். உடையார் வம்சத்தின் தொடக்கம் இது.

எப்படிக் கொன்றார்கள்? மைசூருவில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பொறுப்பில் இருந்த மார்க் வில்க்ஸ், 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய வரலாற்றில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். (பிற்பாடு செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்தபோது நெப்போலியன் கைதியாக வந்து இறங்கியதைப் பார்த்தவரும் இவர்தான்.) பெண்வீட்டார் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாகக் காட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை தன் ஆட்களோடு விருந்துக்கு வந்தார். வீட்டின் உட்பகுதியில் ஆயுதங்களோடு ஒளிந்திருந்தவர்கள் பந்தியிலேயே கதையை முடித்தார்கள்.

க்ளென்கோவில் விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைக் கொன்றார்கள். அது தீராத களங்கமாக நிற்கிறது. ஹதினாருவில் வீட்டுக்காரர்கள் விருந்தாளியைக் கொன்றார்கள். அது ஒரு வம்சத்தின் பெருமைக் கதையாக நிற்கிறது. செயலில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கதையைச் சொன்னவர்கள் தோற்றவர்கள். இரண்டாவதைச் சொன்னவர்கள் ஜெயித்தவர்கள். மாரநாயகனின் சந்ததி எழுதிய வரலாறு என்று ஒன்று நம் கைக்கு வந்திருந்தால், அதில் 1399 எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வில்க்ஸ் சொல்லும் கதையில் மாரநாயகனின் குற்றம் இரண்டு. ஒன்று, ஆண் துணை இல்லாத வீட்டை மிரட்டியது. இரண்டாவது, அவன் தாழ்ந்த சாதிக்காரனாக இருந்துகொண்டு பெண் கேட்டது. முதல் குற்றத்தை இன்றைக்கும் நாம் குற்றம் என்போம். இரண்டாவதை? கதை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால், கேட்பவருக்கும் இரண்டும் ஒரே எடையாகத் தெரிகிறது. 'மீட்பு' என்ற சொல் இப்படித்தான் இரண்டு வேலை பார்க்கிறது.

இது பழைய விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை. கௌரவக் கொலைகள் பற்றிய சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணந்துகொள்ள முடிவு செய்துவிட்டால் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் சம்மதம் தேவையில்லை என்றது. ஆங்கிலத் தீர்ப்பில் 'கிளான்' என்ற அதே சொல்தான் இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலேயே வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதைகளில் யார் நாயகன், யார் வில்லன் என்பது பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்லை.

அப்படியானால் இதெல்லாம் நிஜமா, கதையா?

உடையார்கள் தாங்களே வெளியிட்டதாகக் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டு 1551-ஐச் சேர்ந்தது. 1399-க்கும் அதற்கும் நடுவே 150 வருஷ இடைவெளி. விரிவான வம்சக் கதைகள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிக்கதேவராஜ உடையார் காலத்து அரசவைப் புலவர்களிடமிருந்து வரத் தொடங்குகின்றன. அப்போது மைசூரு ஒரு பெரிய ராஜ்ஜியம். பெரிய ராஜ்ஜியத்துக்குத் துவாரகையில் வேர் இருந்தால் நன்றாக இருக்கும் அல்லவா? இவர்கள் இந்த மண்ணின் தலைவர்களே என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த இளவரசியின் பெயர்கூட ஒரே மாதிரி இல்லை. சிக்கதேவரசி என்று ஒரு கூற்று, தேவாஜம்மண்ணி என்று இன்னொன்று. வில்க்ஸ் மட்டும் அவள் மனமுவந்து விஜயனை மணந்தாள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அவளைப் பற்றி 400 வருஷம் கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய அந்த ஒரு வரிதான் மொத்தக் காதல் கதையும்.

மைசூருக் கதைகளில் எதிரி வீட்டுப் பெண் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதி திருமலராயரிடமிருந்து பிடித்தார். அவருடைய மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைக் கேட்டு ஆட்கள் துரத்தியபோது, தலக்காடு அருகே மாலங்கியில் காவிரியில் குதித்தாராம். குதிக்கும் முன் மூன்று சாபம்: தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூரு அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும். வம்சத்தில் அடிக்கடி தத்தெடுப்பு நடந்ததால் மூன்றாவதை ஊர் இன்னமும் பேசுகிறது. 2015-ல் தத்தெடுக்கப்பட்ட யதுவீருக்கு 2017 டிசம்பரில் மகன் பிறந்தபோது சாபம் தீர்ந்ததா என்று செய்திகள் வந்தன. பேச வாய்ப்புக் கிடைத்த பெண் பேசியது காதல் மொழி இல்லை, சாபம்.

நாவல் என்ன செய்கிறது?

இந்த இடைவெளியில்தான் சரித்திரக் காதல் நாவல் நுழைகிறது. ஹைலேண்டர் ரொமான்ஸ் என்பது மகட்பாற்காஞ்சியைப் பெண்ணின் பக்கத்திலிருந்து சொல்வது. ஏடுகள் அவளிடம் கேட்காத கேள்வியை நாவல் கேட்கிறது. 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லும் உரிமையை அவளுக்குக் கொடுக்கிறது. இந்த வகை நாவல்களைப் பெண்களே அதிகம் எழுதுவதும் படிப்பதும் எதனால் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், கடத்தியவனையே கடைசியில் காதலனாக்கி, 1697-ன் அலறலை இனிமையாக்கிவிடும் மோசமான நாவல்களும் இதே அலமாரியில்தான் இருக்கின்றன.

தமிழில் நமக்குப் பழக்கமான உதாரணம் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரில் இறக்கிறான் சோழன் பார்த்திபன். அவன் மகன் விக்கிரமனும் பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மனின் மகள் குந்தவியும் காதலிக்கிறார்கள். நரசிம்மவர்மன் வரலாற்று மனிதர். பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. எதிரி மகனைப் பார்த்த முதல் கணத்திலிருந்து குந்தவிக்கு ஒரு மனசு இருக்கிறது, அதை அவள் அப்பாவிடம் வாதாடியும் காட்டுகிறாள். 1940-களின் தொடக்கத்தில் வாராவாரம் அதைப் படித்த பெண்களுக்கு அது சாதாரண விஷயமாக இருந்திருக்காது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) எதிர்த் திசையில் போகிறது. ஆட்சியாளன் ஒருவன் சென்னாதேவி என்ற அழகியைக் கேட்கிறான் என்பதற்காக ஒரு குடும்பமே ஆந்திரத்திலிருந்து ஓடிவருகிறது. தென் தமிழ்நாட்டில் பல சமூகங்களின் இடப்பெயர்ச்சிக் கதைகள் இப்படித்தான் தொடங்கும். இங்கே காதல் கிடையாது, ஓட்டம்தான். ஒரே விதைதான், ஆனால் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து மரம் வேறாகிறது.

ஸ்காட்டின் மைசூரு

கடைசியாக ஒரு சுவாரஸ்யம். ஹைலேண்டு குலங்களை வைத்து 1814-ல் 'வேவர்லி', 1817-ல் 'ராப் ராய்' என்று எழுதி இந்த வகைக்கே அடித்தளம் போட்ட வால்டர் ஸ்காட், மைசூருவையும் எழுதியிருக்கிறார். 1827-ல் வந்த 'தி சர்ஜன்ஸ் டாட்டர்'. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கே பணியாற்றித் திரும்பிய ராணுவ நண்பர்களிடம் கேட்டு எழுதினார். கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 1745 கிளர்ச்சியில் தோற்ற அணியில் இருந்து மன்னிப்புப் பெற்ற லார்ட் மெக்லியட் பிற்பாடு திரட்டிய ஹைலேண்டர் படைப்பிரிவின் ஒரு பகுதி, 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர், திப்பு படையிடம் மாட்டியது. தளபதி வில்லியம் பெய்லியும் ஸ்காட்லாந்துக்காரர்; ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே 1782-ல் இறந்தார். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர்ச் சித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள்; பல்லக்கில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

ஸ்காட்டின் கதையில், ஸ்காட்லாந்து கிராமத்து டாக்டரின் மகள் மெனி க்ரே தன் காதலன் ரிச்சர்டை நம்பிக் கப்பல் ஏறி வருகிறாள். அவனோ தன் முன்னேற்றத்துக்காக அவளைத் திப்புவிடம் ஒப்படைக்கத் திட்டம் போட்டிருக்கிறான். அவளை நேசிக்கும் இன்னொரு டாக்டர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய் முறையிட, பக்கிரி வேஷத்தில் இருந்த ஹைதர் அலி கடைசி நேரத்தில் வெளிப்பட்டு அவளை விடுவிக்கிறார். ரிச்சர்டை யானை மிதிக்கிறது. மெனியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தர் விற்கிறார், ஒருத்தர் வாங்குகிறார், ஒருத்தர் தடுக்கிறார். ஊர் திரும்பிய அவள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஸ்காட் முடிக்கிறார்.

காப்புரிமை முடிந்த புத்தகம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கதை இந்தியாவுக்கு வந்து சேர்வதே கடைசிப் பகுதியில்தான். மைசூருவுக்காக மட்டும் படிப்பவர்கள் முன்பகுதியை வேகமாகப் புரட்டிவிடலாம்.